சேதி சொல்ல வந்தவர்

பொய் சொல்ல வராத மனிதர் ஒருவர் பக்கத்து வளவில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பட்டவளுக்குத்தான் தெரியும். என்னைப் பெண் பார்க்கக் கந்தளாயிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தேத்தண்ணீர் குடித்து, பலகாரம் சாப்பிட்டு, எல்லாம் சரிவந்துவிட்டது என்கிற கட்டத்தில், மாப்பிள்ளையின் தகப்பனார் அடுத்த கதிரையில் இருந்த எங்கள் அயல்வீட்டுக்காரரிடம், "தம்பி, நீங்கள் பக்கத்து வளவுதானே, பிள்ளை எப்பிடி?" என்று மரியாதைக்கு ஒரு கேள்வியைக் கேட்டு வைத்தார்.

"நல்ல பிள்ளை," என்றார் இவர். "கெட்டிக்காரி. சமையல் சுமார். கோவம் வந்தாத்தான் சட்டி உடைப்பா. போன கிழமையும் ஒண்டு உடைச்சவ. மீன்சட்டி."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். நான் குசினிக்குள் போய் இன்னொரு சட்டியைப் போட்டு உடைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டிருக்கும்.

துறைமுகக் கந்தோர் ஒன்றில் அவருக்குக் கிளாக்கர் வேலை. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் கிளாக்கர். முதுகுக்குப் பின்னால் றேடியோ. நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒல்லியான மனிதர். எந்த வெயிலுக்கும் மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை, ஒரு பழைய சைக்கிள், கலியாணம் இல்லை, தானே சமைத்துச் சாப்பாடு. சோறு அடிப்பிடித்தால் அதையும் வேலியால் எட்டிப் பார்த்து அம்மாவிடம் சொல்லுவார். "அக்கா, இண்டைக்கும் கருக்கிப்போட்டன்." அம்மா சிரித்துக்கொண்டு ஒரு கோப்பைச் சோறு கொடுப்பார்.

கோள் சொல்லுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கோள் சொல்லுகிறவன் ஆள் பார்த்து, நேரம் பார்த்து, கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான். இவர் கேட்டால் சொல்லுவார். பார்த்ததைப் பார்த்தபடி, சம்பந்தப்பட்டவரின் முகத்துக்கு நேரே சொல்லுவார். ஒருநாள் கந்தோருக்குப் பிந்திப் போனாராம். ஏன் என்று மேலதிகாரி கேட்டதற்கு, "நித்திரை கொண்டிட்டன் சேர்" என்றாராம். அதிகாரிக்கே சங்கடமாகி, "சைக்கிள் காத்துப் போச்சு எண்டு எழுதட்டோ?" என்றாராம். "காத்து இருந்தது சேர்."

கிண்ணியாப் பொடியன்களோடு எங்கள் தெருப் பொடியன்கள் பந்தடித்த அன்று இவர்தான் மத்தியஸ்தர். கடைசி நேரத்தில் எங்கள் பக்கம் போட்ட கோலை, "கையில பட்டது" என்று செல்லாமல் ஆக்கிவிட்டார். தோற்ற கோபத்தில் எங்கள் ஆட்கள் அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டார்கள். சட்டை சொட்டச் சொட்ட ஏறி வந்து, "கையிலதான் பட்டது," என்று மறுபடி சொன்னார். கிண்ணியாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நானும் இதையெல்லாம் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. இப்போது அவரை நினைத்தால் சிரிப்பு வருவதற்கு முதலே வெட்கம் வந்து நின்றுவிடுகிறது. நான் பிறந்த வீட்டை நினைத்து, அந்தத் தெருவை நினைத்து வருகிற வெட்கம். வயது போகப் போகக் குறையும் என்று பார்த்தேன். குறைகிற பாடாக இல்லை.

வெள்ளைக்கார நேவி திருகோணமலையை விட்டுப் போனபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு அலுமாரியும் இரண்டு கதிரையும் வந்தன. கிளாக்கர் ஒரு சாக்குப் புத்தகத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் அட்டை போன தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. பழைய கிரேக்க தேசத்து நாடகங்களாம். அன்று பிடித்தது அவருக்கு அந்தப் பைத்தியம். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருப்பார், இவர் வேலியடியில் நின்று கதை சொல்லுவார்.

"என்ன தம்பி இது," என்பார் அம்மா, "தாய் பிள்ளையைக் கொல்லுறாவாம், கூடப்பிறந்தவங்கள் ஆளையாள் குத்திச் சாகிறாங்களாம்! கண்டறியாத கதையள். நல்ல கதை ஒண்டும் அவங்களுக்கு வரேல்லையே?"

"வெளியில இருந்து படை வந்தாக் கோட்டைக் கதவைச் சாத்தலாம் அக்கா. இது கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க அடிபடுற சனத்தின்ர கதை. ஒரு வீடு, ஒரு ஊர். அவ்வளவுதான்."

அந்த நாடகங்களில் கொலையை மேடையில் காட்ட மாட்டார்களாம். வீட்டுக்குள்ளே நடக்குமாம், வெளியே சத்தம் மட்டும் கேட்குமாம். பிறகு ஒருவன் வெளியே வந்து உள்ளே நடந்ததைச் சொல்லுவானாம். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாதாம். சேதி சொல்லுகிறவன், அவ்வளவுதான்.

"அப்ப உமக்கெண்டே எழுதி வைச்சிருக்கிறாங்கள்," என்று அம்மா சிரித்தார்.

இன்னொன்றும் சொல்லுவார். வாசலில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு கூட்டமாக நிற்பார்களாம். அவர்களுக்கு எல்லாம் விளங்குமாம். கவலைப்படுவார்களாம், புத்தி சொல்லுவார்களாம், அழுவார்களாம். ஒன்றும் செய்ய மாட்டார்களாம். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கவே இல்லை. "இதென்ன மனிசர்?" என்று மீன்தலையைப் பலகையில் ஒரு வெட்டு வெட்டினார்.

அந்த மாதிரி ஒரு நாடகத்தைக் கிளாக்கர் தானே எழுதினார். தலைமைப் பதவிக்காக மாமனை மருமகன் கொல்லுகிற கதை. எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு அதைப் போடுவது என்று முடிவாயிற்று. வாசலில் நிற்கிற பெரியவர்களாக உண்மையான பெரியவர்களையே பிடித்தார். என் அப்பா முன்னுக்கு நின்றார். அப்பா எங்கள் தெரு அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் பார்ப்பவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். அப்பாவுக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி, என் சின்னையா. இருவருக்கும் ஒரே கரைவலை, அதை இழுக்கக் கரையில் ஒரே பாடு, ஒரே வேலிக்கு இரண்டு பக்கம் வீடு. உள்ளே இருந்து சாகக் கத்துகிற மாமன் வேடம் சின்னையாவின் மகனுக்கு. இருபது வயதுப் பொடியனுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டினார்கள். தெருவிலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான். என் கூடப்பிறந்தவன் எனக்குப் பெரியண்ணன், இவன் சின்னண்ணன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெரிசும் சின்னதும்.

ஒத்திகையில் ஒரே சண்டை. உள்ளே "ஐயோ, வெட்டுறாங்கள்!" என்று சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே பெரியவர்கள் நின்று, உள்ளே போவதா, வேண்டாமா, ஆளனுப்புவதா என்று ஆளுக்கொரு கதை கதைக்க வேண்டும். சின்னையாவுக்கு அது ஏறவே இல்லை.

"என்ன கிளாக்கர் விசர்க்கதை கதைக்கிறீர்? ஒருத்தன் குளறுறான், நாங்கள் வாசலில நிண்டு கூட்டம் வைக்கிறதோ? எங்கட தெருவில நடக்கிற காரியமா இது? வேலியைப் பிச்சுக்கொண்டு பாய மாட்டமே?"

"இது நாடகம் அண்ணை. எழுதினபடி நில்லுங்கோ."

நின்றார்கள், ஒத்திகையில். விழா அன்று தெருவே முன்னால் இருக்கிறது, பெண்டுகள், பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். சின்னண்ணன் உள்ளே இருந்து போட்ட கூச்சலில் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர்கள் இரண்டு வரி கதைத்தார்கள். மூன்றாவது வரியில் சின்னையா சால்வையை உதறி இடுப்பில் கட்டினார். "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்!" என்று ஒரு சத்தம். அப்பாவும் அவரும் முன்னே, மற்றவர்கள் பின்னே, மட்டையில் செய்த கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, கொலைகாரனுக்கு உண்மையாகவே இரண்டு அடி போட்டு, சின்னண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார்கள். தாடி ஒரு பக்கம் தொங்க அவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். விசிலடியும் கைதட்டும் வானத்தைப் பிளந்தன. சேதி சொல்ல வேண்டிய கிளாக்கர் மேடை ஓரத்துக்கு வந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல், வேட்டித் தலைப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். மூன்று பக்கத்துக்குப் பேச்சுப் பாடமாக்கி வைத்திருந்தவர் பாவம்.

"உங்கட கிரேக்கர் எங்களிட்டத்தான் படிக்கவேணும்," என்று அப்பா அவர் முதுகில் தட்டினார். அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று நினைத்தால், இப்போது யாருடைய முகத்தையும் பார்க்கக் கூசுகிறது.

அப்பாவும் சின்னையாவும் பிரிந்தது ஒரு தட்டு வெற்றிலைக்காக. வெளியாருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். திருவிழா முடிவில் ஐயர் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ எல்லாம் வைத்து மரியாதைத் தட்டு கொடுப்பார். அதுதான் காளாஞ்சி. முதல் காளாஞ்சி வண்ணக்கருக்கு. ஆனால் கடைசி நாளான தீர்த்தத் திருவிழா சின்னையாவின் உபயம், அன்றைய செலவும் பொறுப்பும் அவருடையது. அப்படியென்றால் அன்று முதல் தட்டு யாருக்கு? பாட்டன் இருந்தவரை இரண்டும் அவர் கையில் இருந்ததால் கேள்வியே எழவில்லை. அவர் போனபின் ஒரு வருடம் அப்பா வாங்கினார். அடுத்த வருடம் சின்னையா கைகட்டிக்கொண்டு வாங்காமலே போனார். அதற்கடுத்துத் தெரு இரண்டாயிற்று. யார் வலையில் யார் இழுப்பது, யார் கலியாணத்துக்கு யார் போவது என்று எல்லாம் பிரிந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் வேலியில் ஆள் போய்வர இருந்த பொட்டைக் கிடுகு வைத்து அடைத்தார்கள். அம்மாவும் சின்னம்மாவும் மட்டும் ஆண்கள் இல்லாத நேரத்தில் வேலிக்கு மேலால் கறிக்கோப்பை மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. கிளாக்கர் அதை இரண்டு பேரிடமும் சொன்னார். அப்பாவிடம் வந்து, "தம்பியார் சொல்லுறதும் சரி" என்றார். அங்கே போய், "அண்ணை சொல்லுறதும் சரி" என்றார். இரண்டு வீட்டிலும் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

பிறகு அந்தத் தீர்த்தத் திருவிழா வந்தது. அன்று காலையில் அம்மனைக் கடலாட்டக் கொண்டுபோனார்கள். ஆண்கள் எல்லாரும் கரையில். பெண்கள் நாங்கள் கோயில் மடத்தில் அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தோம். பொது வேலை என்றபடியால் சின்னம்மாவும் நானும் ஒரே பூசணிக்காயின் இரண்டு பக்கமும் இருந்தோம். வெகுநேரம் கழித்து ஒருவர் ஓடிவந்தார். "சின்னவனை அலை அடிச்சுப் போட்டுது. வள்ளத்தில தலை மோதிப்போச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகினம்," என்றார். சின்னம்மா கத்தியோடு எழும்பியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆசுபத்திரி வாசலுக்குப் போகமுன்னமே அவன் உயிர் போய்விட்டது.

மறுநாள் மரண விசாரணை. சாட்சிக்கு அழைத்த ஆட்கள் எல்லாரும் அலை என்றார்கள். செத்தவனின் தகப்பன், என் சின்னையா, அவரும் அலை என்றார். கிளாக்கர் மட்டும் எழும்பி, காளாஞ்சித் தட்டுக்கு அப்பாவும் சின்னையாவும் கை நீட்டியதையும், தட்டு மணலில் விழுந்து தள்ளுமுள்ளானதையும், என் பெரியண்ணன் வள்ளம் வலிக்கிற சவளை எடுத்துச் சின்னண்ணனின் பிடரியில் அடித்ததையும் சொன்னார். இன்னும் ஏதோ சொல்ல வெளிக்கிட்டாராம். அதற்குள் விசாரித்தவர் மற்றப் பக்கம் திரும்பி, பெற்ற தகப்பனிடம் மறுபடி கேட்டார். சின்னையா மறுபடியும் அலை என்றார். அதோடு முடிந்தது.

வழக்கு வந்தால் கோயிலைப் பூட்டுவார்கள், கரைவலைப் பாடு வெளியார் கைக்குப் போகும், ஒன்றை இழந்தது போதாதென்று இரண்டாவது பிள்ளையும் மறியற்சாலைக்குப் போவான். அப்பா வீட்டில் சொன்ன நியாயம் அது. செத்த வீட்டில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கூடி நின்ற சனம் எல்லாம் கண்ணைத் துடைத்தது. வேலியில் அடைத்த கிடுகைப் பிரித்துப் பொட்டைத் திறந்துவிட்டார்கள். பழையபடி ஒன்றாகிவிட்டோம் என்று எல்லாருக்கும் ஒரு ஆறுதல். பெரியண்ணன் பாடைக்குத் தோள் கொடுத்தான். அதையும் என் கண்ணால் பார்த்தேன்.

அன்றே கிளாக்கருக்குத் தெருக் கட்டு விழுந்தது. வீட்டுக் கதையை வெளியே கொண்டுபோனவன் என்று கட்டு. தெருக் கிணற்றில் அள்ளக் கூடாது. முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், பால்காரி, ஒருவரும் அவர் வாசல் படலை திறக்கக் கூடாது. யாரும் அவரோடு கதைக்கக் கூடாது. அடி இல்லை, ஏச்சு இல்லை. கேட்கிற காதை மட்டும் எடுத்துவிட்டார்கள். அவர் துறைமுகக் குழாயில் இரண்டு தகரத்தில் தண்ணீர் பிடித்து, சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வருவார். வெள்ளைச் சட்டை மெல்ல மெல்ல மஞ்சளாயிற்று. அம்மா சோற்றுக் கோப்பையோடு வேலிவரை போவார், அப்பாவின் செருமல் கேட்கும், திரும்பி வருவார். எனக்கு உள்ளுக்குள் எரியும். எங்கள் வீட்டுப் பிள்ளை அடித்து ஒருவன் செத்தான். தண்டனை பக்கத்து வளவுக்கு.

பின்னாளில் நிலாவெளியிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்களும் அவரிடம் பிள்ளை எப்படி என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது," என்றார் கிளாக்கர். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. கலியாணம் நடந்தது. இரண்டு சட்டியை உடைத்தது பற்றி அவர் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அவரைத் தெரியாது என்று சொல்லுகிறவராக ஆக்கியது தெருவின் கட்டு இல்லை. அது ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. தீர்த்து வைத்தவர் சின்னம்மா.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல்நாள் பின்னேரம் சின்னம்மா எங்கள் முற்றத்துக்கு வந்தார். "வாடி பிள்ளை, ஒரு இடத்துக்குப் போவம்," என்றார். நான் எங்கே என்று கேட்டேன். "கிளாக்கர் வீட்டை. நீ கட்டாயம் வரவேணும்." அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. பக்கத்து வேலியால் குறுக்கே போகாமல், தெருவில் இறங்கி, எல்லாரும் பார்க்க அவர் படலையைத் திறந்து உள்ளே போனோம். கிளாக்கர் விறாந்தையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறி எழும்பி, இருந்த ஒரே கதிரையைத் துடைத்துச் சின்னம்மாவுக்குப் போட்டார். தான் நிலத்தில் இருந்தார்.

"ஆர் அடிச்சது எண்டு கேக்க வரேல்ல தம்பி. அது எனக்குத் தெரியும்," என்றார் சின்னம்மா. "என்ர பிள்ளை கடல்ல வளந்தவன், அலையில விழுறவனில்ல. அவன் எப்பிடிப் போனவன்? ஒருத்தரும் சொல்லுறாங்களில்ல. அவன்ர அப்பா நான் வாய் திறந்தா எழும்பிப் போயிடுறார். நீங்கள் பாத்தனீங்கள்தானே. சொல்லுங்கோ."

கிளாக்கர் என்னைப் பார்த்தார். "பிள்ளை இருக்க..."

"அவள் இருக்கட்டும்."

சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அடி விழுந்த உடன சாகேல்ல அக்கா. மணல்ல மல்லாக்கக் கிடந்தவன். கண் திறந்து இருந்தது. காதால ரத்தம் வந்தது. தண்ணி கேட்டவன். ஐஸ் லொறி ஒண்டு றோட்டில நிண்டது, சாரதியும் நிண்டவன். தூக்கி ஏத்தியிருக்கலாம். ஏத்தேல்ல."

"ஏன்?"

"லொறிக்காரன் வெளி ஆள். என்ன நடந்தது எண்டு கேட்டா என்ன சொல்லுறது எண்டு கதை வந்தது. ஒராள் வழுக்கினது எண்டார். ஒராள் மரம் விழுந்தது எண்டார். கடைசியா அலை எண்டு முடிவாச்சு. பிறகு ஆரும் மாறக்கூடாது எண்டு வண்ணக்கர் கர்ப்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொன்னார். ஐயர் அம்மனோட கோயிலுக்குத் திரும்பிட்டார். தட்டில கர்ப்பூரம் இருந்தது. கரையில காத்து. கொளுத்தக் கொளுத்த அணைஞ்சு போச்சு."

என் அப்பா. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது.

"அவன்ர அப்பா?" என்றார் சின்னம்மா.

"அண்ணை முதல்ல மாட்டன் எண்டவர். பெடிக்கு ஒண்டுமில்லை, காயம்தான், ரெண்டு கிழமையில எழும்பிடுவான், பொலிசு வந்தா ரெண்டு வீடும் நாறிப்போகும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். அவரும் அப்பிடித்தான் நம்பினவர். பிறகு கர்ப்பூரம் தொட்டவர். பெடியன் 'அப்பா, போவம்' எண்டான். 'பொறடா, இந்தா முடியுது' எண்டார். வரிசையா எல்லாரும் தொட்டு முடிய, பெடியனிட்டயும் கேட்டவை. நீயும் சொல்லு, என்ன நடந்தது எண்டு. 'அலை' எண்டான். அதுக்குப் பிறகுதான் தூக்கினது. அதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கதைக்கேல்ல."

"என்னைக் கேட்டவனா?"

வேறு யாராக இருந்தாலும் ஓம் என்றிருப்பார்கள். நான் மனசுக்குள் கும்பிட்டேன், இந்த மனிதன் ஒரு தடவை ஓம் என்று சொல்லட்டும் என்று.

"இல்லை அக்கா."

சின்னம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் படலையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் தொட்டவை எண்டனீங்கள்," என்றார். "எல்லாரும் எண்டா?"

கிளாக்கர் கையில் இருந்த சட்டையை மடித்தார்.

"அந்தக் காத்துக்குக் கர்ப்பூரம் எப்பிடி எரிஞ்சது தம்பி? ஆர் மறைச்சுப் பிடிச்சது?"

"நான்தான்," என்றார். முதன்முதலாக அவர் குரல் உடைந்தது. "ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சனான் அக்கா. கெதியா முடிஞ்சாக் கெதியா ஏத்தலாம் எண்டு நினைச்சனான். நானும் தொட்டனான். விசாரணையில இதைச் சொல்லத்தான் வெளிக்கிட்டனான், விடேல்ல."

"லொறி கனதூரமோ?"

"இல்லை. கிட்ட."

"நீங்கள் தூக்கியிருக்கலாம்."

"தூக்கியிருக்கலாம்."

ஆனால் என்று ஒரு சொல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராமல் அவர் கைகளைப் பார்த்தேன். வலது உள்ளங்கையில் சுட்ட தழும்பு ஒன்று காய்ந்து கறுத்திருந்தது.

சின்னம்மா எழும்பிச் சீலையைச் சரிசெய்தார். "நாளைக்கு முப்பத்தொண்டு. மத்தியானம் வாங்கோ."

"அக்கா, என்னைத் தெருவில..."

"தெரியும். அண்டைக்குக் கரையில நிண்ட எல்லாரும் வருகினம். நீங்கள் மட்டும் ஏன் விலகி நிக்கிறீங்கள்? நீங்களும் அவையளில ஒராள்தானே."

அடுத்தநாள் அவர் வந்தார். சின்னம்மாவின் முற்றத்துப் பந்தலில் பந்திக்கு இருந்தவர்கள் அவரைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். அப்பா செருமினார். சின்னம்மா அந்தச் செருமலைக் காதில் வாங்காமல், அப்பாவுக்கும் சின்னையாவுக்கும் நடுவில் ஒரு இலையைப் போட்டு, "இதில இருங்கோ தம்பி," என்றார். பெரியண்ணன் நேரெதிரில் இருந்தான். ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையால் விளம்புகிற பந்தியிலிருந்து எப்படி எழும்புவது?

சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி எல்லாம் சின்னம்மாவே விளம்பினார். என்னையும் தொட விடவில்லை. கடைசி இலைவரை போய், மறுபடியும் முதல் இலைக்கு வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, "காணுமோ? இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டார். அப்பாவிடம் கேட்டார், சின்னையாவிடம் கேட்டார், கிளாக்கரிடம் கேட்டார், பெரியண்ணனிடமும் கேட்டார். போதும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் போடப் போட, குனிந்த தலை நிமிராமல் எல்லாரும் சாப்பிட்டார்கள்.